கடைசி பெஞ்சு அக்கா

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தவன் எவனும் கண்ணீர் விடாமல் எழுந்ததில்லை. வந்த போதகர்கள் எல்லாரும் அதைப் பரிசுத்த ஆவியின் வேலை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது சின்ன வெங்காயம்.

பெரம்பலூரில் வெங்காய வியாபாரம் அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வயலோரத்துப் பட்டறைக்குப் போய், படல் கட்டி அடைத்து வைத்திருக்கிற வெங்காயத்தைக் கிளறி, அழுகினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அங்கேயே கையைக் கழுவிக்கொண்டு கோயிலுக்கு வருவார். சோப்புக்கெல்லாம் மசிகிற நெடியா அது? சேலையில், தலைமுடியில், பைபிள் உறையில்கூட இருக்கும்.

"என் பக்கத்துல ஒக்காந்தா ஊரே மனந்திரும்பும் தம்பி. சம்பளம் மட்டும் ஐயாவுக்கு" என்பார்.

ஐயா என்றால் போதகர். ஐயாமார்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். அக்கா மாறவில்லை. கடைசி பெஞ்சும் மாறவில்லை. ஒரு கால் குட்டையான பெஞ்சு. அடியில் ஒரு செங்கல். அதில் உட்கார்வது ஒரு தண்டனை.

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. சபை ஒழுங்கை மீறியவர்களுக்கு ஒரு வருஷம் திருவிருந்து கிடையாது. அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. கோயிலுக்குள் வாய் திறந்து பேசக்கூடாது. அடுத்தவர் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நிற்கக்கூடாது. சொந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்றாலும் தண்டனை முடிகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசி பெஞ்சு. இது எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, வருஷம் முடிந்தவர்கள் முன்னால் போய் நின்று, "கடவுளுக்கும் சபைக்கும் விரோதமாகத் தப்பு செய்தேன், மன்னியுங்கள்" என்று சொல்ல வேண்டும். சபை "ஏற்றுக்கொள்கிறோம்" என்று சொல்லும். அவ்வளவுதான், ஆள் சுத்தம்.

எல்லாரும் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா எட்டு வருஷம் முடித்திருந்தார்.

முதல் தப்பு என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். திருவிருந்துக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "கானாவூர்ல தண்ணி ரசமாச்சு, பெரம்பலூர்ல ரசம் தண்ணியாச்சு" என்று பீடத்தருகிலேயே சொன்னதாக ஒரு கட்சி. பாடகர் குழுவைப் பார்த்து, "தாவீது ஆடு மேய்க்கையில பாடுனாரு சரி, நீங்க ஏன் ஆடாவே பாடுறீங்க?" என்று கேட்டதாக இன்னொரு கட்சி. சபைக் கமிட்டியில் செருப்பைக் கழற்றியதாக மூன்றாவது. நான் அக்காவிடமே கேட்டேன்.

"மூணும் உண்மதான் தம்பி. வேற வேற வருசம்."

என் தப்பு சின்னது. நான் தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அரியலூர் பக்கம் ஒரு வயலில் மோட்டார் எரிந்துபோச்சு என்று கூப்பிட்டார்கள். அதே மோட்டார் நாலு மாசத்தில் ஐந்து தடவை எரிந்தது. ஐந்தாவது தடவை, மோட்டாரில் கோளாறு இல்லை, மெக்கானிக்கிடம்தான் கோளாறு என்று அந்த வீட்டுப் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனுஷர். "பொண்ணத் தரேன். தாலிய மட்டும் எங்க கோயில்ல வச்சுக் கட்டிடுங்க மாப்ள. அப்புறம் எங்க வேணாலும் கும்பிடுங்க" என்றார். கட்டினேன். படம் எடுத்தார்கள். படம் பெரம்பலூர் வந்து சேர நான் வருவதைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது.

எங்கள் சபைச் செயலர் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டை மடிப்பில் விரல் வெட்டிக்கொள்ளலாம். விலக்குக் கடிதங்களை அவர்தான் எழுதுவார், முத்து முத்தான கையெழுத்தில். அதை அவரே வாசிக்கும்போது, குற்றவாளிக்கே "அடேயப்பா, நம்மைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்" என்று தோன்றும். புது விலக்குகளை வாசிப்பதும் அந்த ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுதான். அன்று என்னைப் பற்றி வாசித்தார். நான் எழுந்து, மூன்றாம் வரிசையிலிருந்து பின்னால் நடந்தேன். அந்த முப்பது அடி போல நீளமான நடையை நான் அப்புறம் நடந்ததில்லை. எல்லாருடைய கழுத்தும் என்னோடு திரும்பியது.

கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. அக்காவும், எறையூர்க்காரர் ஒருவரும் அன்றுதான் வருஷம் முடிந்து மன்னிப்புக் கேட்க முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எறையூர்க்காரர் ஒழுங்காகச் சொன்னார். சபை ஏற்றுக்கொண்டது. அடுத்து அக்கா வாயைத் திறந்தார். திரும்பி ஒருதரம் பின்னால் பார்த்தார். நான் செங்கல் பக்கம் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மன்னிப்புக் கேக்குறேன் ஐயா. ஆனா போன வாரம் நீங்க ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணீங்களே, அதுக்கு நீங்க யார்கிட்ட கேப்பீங்க?"

கோயில் கொல்லென்று சிரித்தது. செயலர் சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்தார். ஐந்து நிமிஷத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து, பெஞ்சு ஆட, பொத்தென்று உட்கார்ந்தார்.

"தள்ளி ஒக்காரு. செங்கல் நகந்துரும். என்ன கேசு?"

"தாலி கட்டிட்டேன்க்கா. பொண்ணு வீட்டுக் கோயில்ல."

"எத்தன?"

"ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணுக்கேவா இங்க அனுப்புறானுவ?"

எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் நான் கற்றுக்கொண்டதெல்லாம் கோயிலின் பின்பக்கத்திலிருந்துதான். அக்கா ஆண்கள் கட்டுகிற கடிகாரம் கட்டியிருப்பார். பிரசங்கம் தொடங்கியதும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். "ஓடுறாரு, ஓடுறாரு, பஸ்ஸு எந்த ஊருக்குன்னு தெரியாம ஓடுறாரு" என்பார் மெதுவாக. நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி: "இவரு ஆண்டவருக்குச் சேதி சொல்லல, மனு குடுக்குறாரு. நகல் கலெக்டருக்கு." யாராவது தாங்கள் கடைப்பிடிக்கிற உபவாசத்தைச் சொல்லிக்கொண்டால்: "பட்டினி கெடக்குறது பெருசில்ல. பட்டினின்னு சொல்லாம கெடக்குறதுதான் பெருசு." பைபிள் வசனங்களை எப்போதும் கொஞ்சம் தப்பாகவே சொல்வார். ஆனால் கேட்கிறவனுக்கு, சரியான வசனத்தைவிட இதுவே தேவலை என்று தோன்றும்.

ஒருநாள் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செயலர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். அவரும் கெட்ட மனுஷர் இல்லை. சட்டம் இல்லாவிட்டால் சபை சந்தைக்கடை ஆகிவிடும் என்று உண்மையாகவே நம்பினவர்.

"நீங்களே வெங்காயம் யாவாரம் பண்றவங்க. பட்டறையில ஒண்ணு அழுகினா என்ன பண்ணுவீங்கம்மா? எடுத்துப் போடுவீங்களா மாட்டீங்களா?"

"எடுத்துப் போட்டுருவேன் சார்."

"அதைத்தான் நாங்களும் செய்யிறோம்."

"அது வெங்காயத்துக்குச் சரிங்க சார். வெங்காயம் சேந்து கெடந்தா அழுகும். மனுசன் தனியா கெடந்தாத்தான் அழுகுவான்."

செயலர் சைக்கிளில் ஏறி மிதிக்க ஆரம்பித்தார். அக்கா அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "சார், சைக்கிளு ஸ்டாண்டு போட்டபடியே இருக்கு, மிதிச்சா ஊரு வராது!" என்று கத்தினார். கமிட்டிக்கு இன்னொரு பக்கம் எழுத விஷயம் கிடைத்தது.

இதையெல்லாம் நான் வீட்டில் போய் நடித்துக் காட்டுவேன். என் மனைவி செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்குக் கோயில் என்றால் அக்காதான். ஒருநாள் சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தக்கா மன்னிப்புக் கேக்கப் போயி ஒளறிட்டு வந்த கதையெல்லாம் சொன்னீங்களே. அந்த வருசமெல்லாம் அன்னிக்கு யாராச்சும் புதுசா பெஞ்சுக்கு வந்திருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எறையூர்க்காரர் குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்ட வருஷம். அதற்கு முன் ஒரு டீச்சர், புருஷனை விட்டு வந்த வருஷம். அதற்கும் முன்னால் அண்ணன் தம்பி இருவர், கல்லறைத் தோட்டத்தில் அடித்துக்கொண்ட வருஷம். எல்லா வருஷமும் ஒரு புது ஆள். எல்லா வருஷமும் அக்காவுக்குக் கடைசி நிமிஷத்தில் வாய்க்கொழுப்பு.

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. கோயிலையே பார்க்காதவள் அரியலூரிலிருந்து வந்து சொல்கிறாள்.

அடுத்த ஞாயிறு கேட்டேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாய மூடு. பிரசங்கம் நடக்குது" என்றார். அவர் பிரசங்கத்துக்கு மரியாதை கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

விடவில்லை நான். "மன்னிப்பு வாங்கிட்டு, அப்புறமும் இங்கயே வந்து ஒக்காந்துக்கலாமேக்கா. ஒக்காரக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

"தப்பு பண்ணாதவ பக்கத்துல வந்து ஒக்காந்தா அதுக்குப் பேரு ஆறுதல் இல்ல தம்பி. வேவு."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

செல்விக்குப் பிரசவம் அரியலூரில், தாய் வீட்டில். பெண் குழந்தை. சபையிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பஸ் ஏறி வந்தார், ஒரு கையில் வெங்காயப் பை, ஒரு கையில் கால் கட்டின கோழி. வாசலில் மாமனார் என்னைக் கேட்டார், "இவங்க யாரு மாப்ள, ஒறவா?"

"ஒறவெல்லாம் இல்லீங்க. ஒங்க மாப்ளயும் நானும் ஒரே ஜெயிலு" என்றார் அக்கா. மாமனார் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார்.

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அக்கா ஒன்றும் பேசவில்லை. அதுவே ஒரு அதிசயம். குழந்தை மூக்கைச் சுளித்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு, தூங்கிவிட்டது. செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா போனதும் என்னிடம் சொன்னாள்: "புள்ளைக்கு உங்க கோயில்ல தண்ணி ஊத்தறதுக்கு நான் வேணாங்கல. ஆனா அந்தக்கா கையிலதான் குடுப்பேன். அவங்க இல்லாட்டி உங்க தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இதில்தான் சிக்கல். என் வருஷம் ஈஸ்டரோடு முடிகிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைக்கும். ஆனால் கடைசி பெஞ்சில் இருக்கிறவர் ஞானத்தாயாக நிற்க முடியாது. அக்காவும் அதே நாளில் மன்னிப்புக் கேட்டு, அந்த ஒரு வரியைச் சொல்லி, வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வர வேண்டும். ஒன்பது வருஷமாகச் செய்யாத காரியம்.

போய்ச் சொன்னேன். மண்டி வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தினார்.

"என்னையா? ஞானத்தாயாவா?"

"உங்களத்தான்க்கா. அவ பிடிவாதமா இருக்கா."

"எனக்கு ஞானமே கெடையாதேடா." சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்தார், வெங்காயத்தைத் தொடாமலே. "சரி. வாயக் கட்டிக்கிறேன். ஈஸ்டர் வரைக்கும் நான் ஊமை."

கட்டிக்கொண்டார். சபைக்கு அது பெரிய துக்கமாகப் போய்விட்டது. பிரசங்கம் ஒரு மணி நேரம் போனாலும் அக்கா கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்திருந்தார். பாடகர் குழு சுருதி தப்பினபோது பழக்கத்தில் எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். அக்கா இன்னொரு கிராம்பு போட்டுக்கொண்டார். புதிதாக வந்திருந்த இளம் ஐயா கவலைப்பட்டு, "அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் செயலர் போர் போட்டார்.

வாலிகண்டபுரம் தாண்டி அவருக்குக் கொஞ்சம் நிலம். ஓய்வூதியத்தில் சேர்த்ததையெல்லாம் அதில் கொட்டியிருந்தார். இரண்டு இடத்தில் போர் போட்டு, இரண்டிலும் தண்ணீருக்குப் பதில் புகையாகத்தான் வந்தது. மூன்றாவது போரும் பொய்த்தால் நிலத்தை விற்க வேண்டியதுதான். தண்ணீர் வந்தால் எத்தனை குதிரைசக்தி மோட்டார் போடலாம் என்று பார்க்க என்னையும் வரச்சொல்லியிருந்தார். என்னை விலக்கி வைத்தவரே என்னைத்தான் கூப்பிட்டார். தண்ணீர் விஷயத்தில் யாரும் சாஸ்திரம் பார்ப்பதில்லை.

போர் வண்டிக்காரர்கள் பூசை போடாமல் குழாய் இறக்க மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம். செயலர் தூரமாகப் போய், ஒரு வேலிக்கருவை அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். சூடம் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டிக்காரர் தேங்காயை எடுத்து, "ரெண்டு போர்லயும் நிலத்துக்காரரு ஒதுங்கியே நின்னீங்க சார். மூணாவதுக்காச்சும் உங்க கையால ஒடச்சுருங்க" என்றார். செயலர் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மனுஷர் மடமடவென்று வந்தார், தேங்காயை வாங்கினார், ஒரே போடு. வண்டிக்காரர் குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. செயலர் நனைந்துகொண்டே சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

ஞாயிறு அன்று அக்கா காதில் சொன்னேன். எதிரி மாட்டினான் என்று துள்ளப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தண்ணி வந்துச்சா?"

"நல்ல தண்ணிக்கா. ரெண்டரை இஞ்சு."

"அப்பச் சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. வயித்தெரிச்சல்ல சொன்னாப்புல ஆயிரும்."

நான் சொல்லவில்லை. ஆனால் போர் வண்டிக்காரர் நோட்டீஸ் அடித்துவிட்டார். பனைமர உயரத்துக்குத் தண்ணீர், அதன் கீழே நெற்றி நிறையக் குங்குமமும் கையில் தேங்காய் மூடியுமாக எங்கள் செயலர், அதற்கும் கீழே "எங்களிடம் போர் போட்டால் கைமேல் பலன்" என்று கொட்டை எழுத்து. பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒட்டினார்கள். கோயில் காம்பவுண்டுச் சுவரையும் விடவில்லை.

கமிட்டி கூடியது. செயலர் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. ஒரு வருஷ விலக்கு என்று முடிவானது. கடிதத்தை யார் எழுதுவது? அந்த வாசகம் வேறு யாருக்கும் தெரியாது. செயலரே பேனாவைத் திறந்து, தன்னைப் பற்றிய கடிதத்தைத் தானே எழுதி, கீழே தேதி போட்டு, ஐயாவிடம் நீட்டினார். அதே முத்து முத்தான கையெழுத்து. அதோடு செயலர் பதவியும் போனது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வந்தது. செல்வி முதல் தடவையாகக் கோயிலுக்குள் வந்து, பெண்கள் பக்கம் குழந்தையோடு உட்கார்ந்தாள். ஐயா கடிதத்தை வாசித்து முடித்தார். செயலர் எழுந்து, முதல் வரிசையிலிருந்து நடந்தார். நான் நடந்ததைவிட அது நீளம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது பெஞ்சு ஆடியது. செங்கலை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

நானும் அக்காவும் முன்னால் நின்றோம். நான் என் வரியைச் சொன்னேன். சபை ஏற்றுக்கொண்டது. அக்கா முறை. செல்வி குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தார். "அக்கா, வேணாம்" என்றேன் உதடு அசையாமல்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். செயலர் சார் தேங்கா ஒடச்சாருன்னு சொல்றீங்க. அந்தப் பூசைக்கு எலுமிச்சம்பழம் குடுத்தனுப்புனதே நான்தான். 'ரெண்டு போர் போயிருச்சே சார், இத வச்சுப் பாருங்க'ன்னு நான்தான் சொன்னேன். அவருக்கு ஒரு வருசம்னா எனக்கும் ஒரு வருசம்."

பச்சைப் பொய். அந்த எலுமிச்சம்பழம் வண்டிக்காரர் டிபன் பையிலிருந்து வந்ததை நான் பார்த்தேன். பின்னால் செயலர் எழுந்தேவிட்டார்.

"இல்லைங்கய்யா! அந்தம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே..."

"ஒக்காருங்க சார்! பெஞ்சுல இருக்குறவங்க பேசக்கூடாது. நீங்க சொல்ற சட்டம்தான்."

அவர் உட்கார்ந்தார். சட்டம் என்றால் உட்காரத்தான் அவருக்குத் தெரியும். ஐயா தவித்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்களே. இந்தம்மா சொல்றது உண்மையா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அக்கா அன்றே விடுதலை, அடுத்த ஞாயிறு என் பிள்ளைக்கு ஞானத்தாய். பெண்கள் பக்கம் பார்த்தேன். செல்விக்கு எல்லாம் தெரியும், பூசை நடந்த அன்றே நடித்துக் காட்டியிருக்கிறேன். பின்னால் பார்த்தேன். செயலர் குனிந்து, செங்கலைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அது நிற்கவில்லை.

"உண்... உண்மதாங்கய்யா" என்றேன். "பழத்த நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அக்கா என் காலை மிதித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது செல்வி கேட்டாள், "கோயில்ல நின்னு பொய் சொல்லிட்டீங்கள்ல?"

"ஆமா."

"அந்தக்கா என்னமா சொன்னாங்க. நீங்க ஏன் திக்குனீங்க?" குழந்தையை என் கையில் கொடுத்தாள். "இன்னொரு வருசம்தானே. அதுவரைக்கும் புள்ள தண்ணி படாமலே இருக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான்."

அந்த வருஷம் நான் மன்னிப்பு பெற்றவனாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பொழுதே போகவில்லை. திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கடைசி பெஞ்சில் முதலில் செயலர் அந்தக் கோடியில், அக்கா இந்தக் கோடியில், நடுவில் செயலரின் கைக்குட்டை. ஆடி மாசம் கைக்குட்டை அவர் கண்ணுக்குப் போயிருந்தது. புரட்டாசியில் அக்கா தப்பாகச் சொல்கிற வசனங்களை அவர் திருத்த ஆரம்பித்தார். அக்கா, "ஆண்டவரே சும்மா இருக்காரு, உங்களுக்கு என்ன?" என்று கேட்பது மூன்றாம் வரிசை வரைக்கும் கேட்டது. கிறிஸ்துமஸுக்குள் அக்காவின் கடிகாரத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் எத்தனை நிமிஷம் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் முழுக்க ஒருவரும் விலக்கப்படவில்லை. சபை திடீரென்று யோக்கியமாகிவிட்டது என்றில்லை. புதிய செயலருக்கு அந்தக் கடிதம் எழுத வரவில்லை. இரண்டு தடவை முயன்றுபார்த்து, பழையவரிடம் போய்க் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார். ஆகவே அடுத்த ஈஸ்டருக்குப் பிறகு அக்காவும் செயலரும் முன்னால் போய் நின்றபோது, அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வரியை முழுசாகச் சொன்னார். செயலர் அதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். பெண் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஞானத்தாய் அக்கா. ஞானத்தகப்பன் யார் என்று ஐயா கேட்டபோது, செல்வி என்னைக் கேட்காமலே செயலரைக் கைகாட்டினாள். அவர் சட்டை மடிப்பைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார்.

பிள்ளையை அக்கா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். பிள்ளைக்காக ஞானப்பெற்றோர் பதில் சொல்கிற கட்டம் வந்தது. பிசாசையும் அவனுடைய எல்லாக் காரியங்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று ஐயா கேட்டார்.

"விட்டுவிடுகிறேன்" என்றார் செயலர், தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி.

ஐயா அக்காவைப் பார்த்தார்.

"விட்டுர்றேங்கய்யா" என்றார் அக்கா. நான் மூச்சு விட்டேன். செல்வியும் விட்டாள். அக்கா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மனசு கேட்காமல் சொன்னார்: "ஆனா அவனும் தனியாத்தான் கெடப்பான், பாவம். எப்பவாச்சும் ஒரு எட்டு பாத்துட்டு வருவேன்."

ஐயாவின் கையில் இருந்த தண்ணீர் அப்படியே நின்றது. முதல் வரிசையில் புதிய செயலர் தலையைத் தூக்கி, "என்ன சொன்னாங்க?" என்று பக்கத்தில் கேட்டார். அதற்குள் பழைய செயலர், தன் வாழ்நாளில் ஆராதனை ஒழுங்கில் ஒரு புள்ளி பிசகாதவர், ஆமென் சொல்ல வேண்டிய இடமே இல்லாத அந்த இடத்தில், கூரை ஓடு அதிர, "ஆமென்!" என்றார்.

சபையும் பழக்கத்தில் ஆமென் என்றது.